காடி நம்பர் பிளேட்டுக்குத் துருப்பிடிக்காத ஸ்குரு: ஓட்டையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

பந்திங் வட்டாரத்தில் ஓடும் பழைய காடிகளின் பின்னால் நின்று பாருங்கள். நம்பர் பிளேட்டில் ஸ்குரு இருக்கும் இடத்திலிருந்து, வெற்றிலை எச்சில் வழிந்ததுபோல ஒரு பழுப்புக் கோடு கீழே இறங்கியிருக்கும். வெள்ளை எழுத்தின் மேல் அது ஊறிவிட்டால் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. கறையைவிடப் பெரிய தொல்லை உள்ளே இருக்கிறது. பிளேட்டு உடைந்து மாற்ற வேண்டிய நாளில் ஸ்குரு அசையாது. தலை வழுக்கும், பிறகு முறியும், கடைசியில் காடியின் மரையே போய்விடும்.

இங்கே துரு வேகமாக ஏறுவதற்கு மழை மட்டும் காரணமில்லை. மோரிப் பக்கமிருந்தும் கேரித் தீவுப் பக்கமிருந்தும் வரும் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. தோட்டத்துக்குள் போய்வரும் காடிக்கு இன்னொரு உப்பும் சேர்கிறது. செம்பனைக்குப் போடும் சிவந்த பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பில் இருக்கும் அதே குளோரைடுதான் அதிலும் இருக்கிறது. உர மூட்டை ஏற்றிய வண்டியின் பின்கதவில் அந்தத் தூள் படிகிறது. மழையில் கரைகிறது. கரைந்த நீர் ஸ்குரு தலைக்கு அடியில் போய்த் தங்குகிறது.

நம்பர் பிளேட்டு மாட்டப் பழகும் தம்பிகள் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் கடைக்குப் போய்ப் பளபளப்பான ஸ்குருவை வாங்குகிறார்கள், பிறகுதான் காடியிடம் வருகிறார்கள். அந்த வரிசை தலைகீழ். முதலில் ஓட்டை, அடுத்து அளவு, அதற்கப்புறம்தான் உலோகம். அந்த வரிசைப்படியே கீழே சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டார்ச் லைட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், நல்ல நுனியுள்ள நட்சத்திர ஸ்குரு டிரைவர், 10 மில்லிமீட்டர் சாக்கெட், அளவுகோல் அல்லது வெர்னியர், சிறிய காந்தம், நைலான் வாஷர், சிறிது கிரீஸ். இவ்வளவுதான். காந்தம் வாங்கத் தேவையில்லை, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்ததே போதும்.

கம்பி பிரஷை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். இரும்புக் கம்பி பிரஷால் எவர்சில்வர் ஸ்குருவைத் தேய்த்தால், பிரஷின் இரும்புத் துகள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு அந்தத் துகளே துருப்பிடிக்கும். பார்ப்பவர்கள் ஸ்குருவைக் குறை சொல்வார்கள்.

2. பழைய ஸ்குருவை முறியாமல் கழற்றுங்கள்

முதலில் தலையின் பள்ளத்தில் அடைந்த மண்ணை பிரஷால் குடைந்து எடுங்கள். பள்ளத்தில் மண் இருந்தால் டிரைவர் அடிவரை இறங்காது. பாதி இறங்கிய டிரைவர்தான் பள்ளத்தை வழித்து வட்டமாக்கிவிடுகிறது.

எண்ணெயை முதல் நாள் மாலையே அடித்துவிடுங்கள், மறுநாள் காலையில் கழற்றுங்கள். மரைக்குள் எண்ணெய் ஊற நேரம் வேண்டும். அடித்த ஐந்தாவது நிமிடத்தில் திருகுபவர்கள்தான் தலையை முறிக்கிறார்கள். பின்பக்கத்திலிருந்து எண்ணெய் விட வழியிருந்தால் அதுவே சிறந்தது, ஏனென்றால் துரு பெரும்பாலும் மரையின் பின் முனையிலிருந்தே ஏறியிருக்கும். பிளேட்டு அக்ரிலிக் என்றால் சுற்றித் துணி வைத்துக்கொள்ளுங்கள். தின்னரையும் பெட்ரோலையும் அதன் அருகே கொண்டுபோகவே வேண்டாம். அக்ரிலிக்கில் மயிரிழை போல வெடிப்பு ஓடிவிடும்.

தலை அறுகோணமாகவும் அதன் நடுவில் நட்சத்திரப் பள்ளமாகவும் இருந்தால், பள்ளத்தை மறந்துவிட்டு வெளியே சாக்கெட்டைப் போடுங்கள். வெறும் நட்சத்திரப் பள்ளம் மட்டும்தான் என்றால், ஜப்பான் வழிக் காடிகளில் அது ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டிருக்கலாம். சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் மேலேறி வெளியே வந்துவிடும். இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் புதியவர்கள் இதை நம்புவதில்லை.

திருகும்போது ஒரேயடியாகக் கழற்றும் பக்கம் பலம் கொடுக்காதீர்கள். இறுக்கும் பக்கம் ஒரு நூல், கழற்றும் பக்கம் ஒரு நூல் என்று முன்னும் பின்னும் அசையுங்கள். துருப்பொடி நொறுங்கி வழிவிடும். நெருப்பு காட்டுவது கூடவே கூடாது. சுற்றியிருப்பது பிளாஸ்டிக்கும் பெயிண்டும்.

வெளியே வந்த பழைய ஸ்குருவை வீசிவிடாதீர்கள். அடுத்த இரண்டு படிகளுக்கும் அதுதான் அளவுக்கோல்.

3. ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். ஸ்குரு எவ்வளவு உயர்ந்த உலோகமாக இருந்தாலும், அது போய்ப் பிடிக்கும் இடத்துக்குப் பொருந்தவில்லை என்றால் ஆறு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். ஆடும் ஸ்குரு தண்ணீரை உள்ளே விடும்.

டார்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். நான்கில் ஒன்றுதான் இருக்கும்.

பின்கதவின் தகரத்தில் பற்றவைத்த இரும்பு நட்டு ஒரு வகை. உள்ளே மரை பளிச்சென்று தெரியும். இதற்குத் தட்டை முனையுள்ள, மரை நெருக்கமான மெஷின் ஸ்குருதான் போட வேண்டும். கூர்முனை ஸ்குருவை இதில் செலுத்தினால் நட்டின் மரை வெட்டுப்பட்டுவிடும். நட்டு கதவோடு ஒட்டியது என்பதால் மாற்றவும் முடியாது. மரையில் துரு இருந்தால், அதே அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்யலாம்.

இரண்டாவது, தகட்டின் விளிம்பில் மாட்டியிருக்கும் கிளிப் நட்டு. மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்தது. காடியோடு வந்த ஸ்குருவும் இதுவும் ஒன்றாகவே துருப்பிடிக்கும். ஆகவே ஸ்குருவை மாற்றும்போது கிளிப்பையும் மாற்றுங்கள். பழைய துருக் கிளிப்பில் புது எவர்சில்வர் ஸ்குருவைப் போட்டால் பழுப்புக் கோடு நிற்காது. துரு கிளிப்பிலிருந்து வருகிறது, பழி ஸ்குருவின் மேல் விழுகிறது.

மூன்றாவது நைலான் புஷ். வெள்ளையாகவோ கறுப்பாகவோ சதுர ஓட்டையில் செருகியிருக்கும், உள்ளே மரை இருக்காது. இதற்கு மரை அகலமான, தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும் ஸ்குரு வேண்டும். பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன் சரியாக இருக்கும். இதில் 6 மில்லிமீட்டர் மெஷின் ஸ்குருவைத் திணித்தால் நைலான் பிளந்துவிடும். புஷ் தளர்ந்திருந்தால் ஸ்குருவைப் பெரிதாக்காமல் புது புஷ் போடுங்கள்.

நான்காவது வகையில் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. முன்பம்பரின் வெறும் பிளாஸ்டிக்கில் யாரோ நேராக ஸ்குருவை அடித்திருப்பார்கள். இங்கே நான் வெல் நட்டு போடச் சொல்வேன். அது பித்தளை மரையை உள்ளே வைத்து ரப்பரால் மூடிய புஷ். ஸ்குருவை இறுக்கும்போது ரப்பர் பின்னால் புடைத்துப் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் நடுவில் இருப்பதால் தண்ணீரும் உள்ளே போகாது, பிளேட்டும் அதிராது.

முன்புறம் ஒரு வகையாகவும் பின்புறம் வேறு வகையாகவும் இருப்பது சாதாரணம். ஒரே ஸ்குரு நான்கு வாங்கி எல்லா இடத்திலும் போடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. தடிமன், மரை, நீளம்

மெஷின் ஸ்குரு என்றால் பெரும்பாலும் எம்6 அளவாக இருக்கும். அதாவது மரையின் வெளி விட்டம் 6 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர். எம்5 என்றால் அந்த இடைவெளி 0.8. பழைய ஸ்குருவில் துரு உப்பியிருந்தால் அளவு தவறும், ஆகவே துரு இல்லாத பகுதியில் அளந்து பாருங்கள். புதிதை ஓட்டையில் வைத்து விரலால் மட்டும் திருகிச் சோதிக்கலாம். மூன்று சுற்றாவது தடையில்லாமல் போக வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே இறுகினால் அது வேறு மரை. கருவி வைத்துத் தள்ளாதீர்கள்.

நீளத்துக்குக் கணக்கு இருக்கிறது. பிளேட்டின் தடிமன், பின்னால் பிரேம் இருந்தால் அதன் தடிமன், வாஷர்களின் தடிமன், இவற்றோடு நட்டுக்குள் பிடிக்க 6 மில்லிமீட்டர். பிளேட்டு 3, பிரேம் 3, வாஷர் இரண்டும் சேர்ந்து 2 என்றால் மொத்தம் 14. 16 மில்லிமீட்டர் ஸ்குரு போதும். கிளிப் நட்டு, வெல் நட்டு என்றால் இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டியிருக்கும், 20 வரை போகலாம்.

"நீளமாக இருந்தால் கெட்டியாகப் பிடிக்கும்" என்ற எண்ணம் தவறு. முன்பம்பருக்குப் பின்னால் ஏர்கோன் கண்டென்சர் இருக்கிறது. அதன் அலுமினியத் தகடுகள் கடதாசி போல மெல்லியவை. பழகிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் 40 மில்லிமீட்டர் கூர்முனை ஸ்குருவை முன்னால் அடித்துவிட்டார். அன்றே ஒன்றும் தெரியவில்லை. பார்க்கிங்கில் யாரோ பம்பரை லேசாக இடித்தபோது முனை உள்ளே போய் கேஸ் முழுவதும் வெளியேறிவிட்டது. பின்கதவிலும் பூட்டும் விளக்கு வயரும் பக்கத்திலேயே ஓடுகின்றன. நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரை வெளியே தெரிந்தால் போதும்.

5. உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது

இனிமேல்தான் துருவைப் பற்றிப் பேச வேண்டும்.

கடையில் பெட்டி பெட்டியாக இருக்கும் வெள்ளி நிற, மஞ்சள் நிற ஸ்குருக்களில் பெரும்பாலானவை துத்தநாகம் பூசிய இரும்பு. மின்முலாம் பூசிய அந்தப் படலம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும், அதுதான் அதன் வேலை. முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், படலம் தீர்ந்ததும் சிவப்புத் துரு வரும். டிரைவர் நுனி பள்ளத்தைச் சுரண்டும்போதே அந்த இடத்தில் படலம் போய்விடுகிறது. நம்மூர் மழைக்கும் உப்புக்கும் இது தாங்காது.

கறுப்பு ஸ்குரு இன்னும் மோசம். சிலிங் பலகை அடிக்கும் கறுப்பு ஜிப்சம் ஸ்குருவை நம்பர் பிளேட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தக் கறுப்பு பாஸ்பேட் பூச்சு வீட்டுக்குள் காய்ந்த இடத்துக்கானது. பிளேட்டின் கறுப்போடு நிறம் பொருந்துகிறது என்று எடுத்துப் போடுகிறார்கள். சில மழை பார்த்ததும் பழுப்புக் கோடு தொடங்கிவிடும். குரோம் பூசியது பளபளப்பாக இருக்கும், ஆனால் குரோம் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. நீர் அதன் வழியே இறங்கி இரும்பை அடியில் தின்னும், மேலே குரோம் செதில் செதிலாகக் கழலும்.

எவர்சில்வர் வேறு வழியில் வேலை செய்கிறது. அதில் பூச்சே இல்லை. உலோகத்தில் கலந்திருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்குகிறது. கீறினால் தோல் மறுபடி தானாகவே வளரும். முலாம் பூசிய ஸ்குருவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், கீறல் இங்கே பெரிய காயமில்லை.

ஆனால் எவர்சில்வர் என்ற ஒரு பெயருக்குள் பல பிள்ளைகள். 304 வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். போல்ட்டு உலகில் அதன் பெயர் ஏ2. 316 வகையில் 2 முதல் 3 விழுக்காடு மோலிப்டினம் கூடுதலாக உண்டு, அதன் பெயர் ஏ4. குளோரைடு அந்தத் தோலில் ஊசிமுனைக் குழி போடுவதை மோலிப்டினம் தடுக்கிறது. மலிவாகக் கிடைக்கும் 201 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். புதிதாக இருக்கும்போது 304 போலவே மின்னும், உப்புக் காற்றில் சீக்கிரம் புள்ளி விழும். 410 என்பது தானே துளைக்கும் கூரை ஸ்குருக்களில் வருவது. கடினமானது, ஆனால் துருவைத் தாங்குவதில் 304-க்குப் பக்கத்தில்கூட வராது. அதுவும் எவர்சில்வர் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது.

என் முடிவைச் சொல்கிறேன். பந்திங் பட்டணத்துக்குள் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் காடிக்கு 304 போதும். மோரிப் கடற்கரை ஓரத்தில் நிற்கும் காடி, மீன் ஏற்றும் வண்டி, தோட்டத்தில் உரம் ஏற்றும் நாலுசக்கர வண்டி, இவற்றுக்கு 316 வாங்குங்கள். நான்கு ஸ்குருதானே, விலையில் இருக்கும் வித்தியாசம் சில வெள்ளிக்குள் அடங்கிவிடும். பம்பரைக் கழற்றும் கூலியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பித்தளையைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். மழையில் அது சிவப்பாகத் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் ரப்பர்ப் பால் ஏற்றும் வண்டியில் போடாதீர்கள். பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள், அமோனியா பட்டால் இறுக்கத்தில் இருக்கும் பித்தளை திடீரென்று வெடிக்கும். கெடாவில் பாலிங், சிக் பக்கம் ரப்பர் சீவும் சொந்தக்காரர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலமும் துத்தநாகப் பூச்சைக் கரைத்துவிடும். அங்கே எவர்சில்வரைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

மோட்டார் கடைகளில் தொங்கும் நீலம், சிவப்பு அலுமினிய ஸ்குருக்கள் மென்மையானவை. அறுகோணக் குழி சீக்கிரம் வழுக்கும், இரும்பு நட்டுக்குள் போனால் அலுமினியமே முதலில் கரையும். நைலான் ஸ்குரு துருவே பிடிக்காது, ஆனால் வெயிலில் உலர்ந்து ஒருநாள் தலை மட்டும் விழும். அவசரத்துக்கு இரண்டு வைத்துக்கொள்ளலாம், நிரந்தரமாக வேண்டாம்.

6. கடையில் கேட்பதும் சோதிப்பதும்

ஹார்ட்வேர் கடையில் "துருப்பிடிக்காத ஸ்குரு" என்று கேட்டால் தவுக்கே துத்தநாகம் பூசியதையும் எடுத்துக் கொடுப்பார். அவர் பார்வையில் அதுவும் துருப்பிடிக்காததுதான். "ஸ்குரு கெலுலி தாஹான் காராட், தீகா கோசோங் எம்பாட்" என்று எண்ணோடு கேளுங்கள். 316 வேண்டுமென்றால் "தீகா சத்து எனாம்". எண்ணைச் சொன்னால் வேறு பெட்டியைத் திறப்பார்.

அறுகோணத் தலையிலும், ஆலன் சாவி போடும் அறுகோணக் குழித் தலையிலும் எம்5 அளவிலிருந்து மேலே தரக் குறி பொறித்திருக்க வேண்டும். ஏ2-70 என்றால் 304 குடும்பம், ஏ4-70 அல்லது ஏ4-80 என்றால் 316 குடும்பம். இந்த 70 என்பது இழுவிசையைத் தாங்கும் பலத்தைக் குறிக்கிறது, துருவை அல்ல. 8.8 என்று மட்டும் பொறித்திருந்தால் அது சாதாரண எஃகு. நட்சத்திரப் பள்ளமுள்ள சின்னத் தலைகளில் பெரும்பாலும் குறி இருக்காது, அதனால் முடிந்தவரை குறி உள்ள வடிவத்தையே வாங்குங்கள்.

காந்தத்தை எப்படிப் படிப்பது என்பதில் எல்லாரும் குழம்புகிறார்கள். ஒரு தம்பி என்னிடம் கேட்டார், "அண்ணே, காந்தம் லேசா இழுக்குது, அப்போ இது டூப்ளிகேட்டா?" இல்லை தம்பி. 304-ஐக் குளிர்நிலையில் அழுத்தித் தலையும் மரையும் உருவாக்கும்போது அந்த இடங்களில் லேசான காந்த ஈர்ப்பு வரும். ஸ்குரு காந்தத்தில் பாய்ந்து ஒட்டிக்கொண்டு தொங்கினால்தான் அது இரும்போ 410-ஓ என்று தள்ள வேண்டும்.

அதே சமயம், ஒட்டவில்லை என்பதற்காக 304 என்று நம்பிவிடவும் கூடாது. 201-ம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். காந்தம் கெட்டதைத் தள்ள உதவும், நல்லதை உறுதி செய்யாது. குறி இல்லாத ஸ்குருவானால் ஒன்று அதிகமாக வாங்கி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்துப் பாருங்கள். முலாம் பூசியது வெள்ளையாகவோ சிவப்பாகவோ பூத்துவிடும், மட்டமான கலவையில் பழுப்புப் புள்ளி தெரியும்.

7. தலையின் வடிவமும் நிறமும்

பிளேட்டுக்கு அகலமான, தட்டையான அடியுள்ள தலை வேண்டும். எம்6 வட்டத் தலை ஆலன் ஸ்குருவுக்கு 4 மில்லிமீட்டர் ஆலன் சாவி. குவிந்து உள்ளே இறங்கும் கூம்புத் தலையை அக்ரிலிக்கில் போடாதீர்கள். அது ஆப்பு போல ஓட்டையை அகட்டி மூலையிலிருந்து வெடிப்பைத் தொடங்கிவைக்கும்.

ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அளவுப்படி எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கோட்டின் தடிமன் 10. தலையோ வாஷரோ எழுத்தின் மேல் ஏறக் கூடாது. எண்ணுக்குப் பக்கத்தில் ஸ்குரு தலையை மறைக்கும் வெள்ளை மூடி ஒன்று உட்கார்ந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது படிப்பவரைக் குழப்பும். கறுப்புப் பின்னணிக்குக் கறுப்புத் தலை வேண்டுமானால், எவர்சில்வர் ஸ்குருவின் தலைக்கு மட்டும் கறுப்பு பெயிண்ட் அடித்துக் காயவையுங்கள். கறுப்பு நிறத்துக்காக ஜிப்சம் ஸ்குருவுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

8. வாஷர்

இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால், அவற்றில் இளைத்தது கரையும். எவர்சில்வர் பக்கத்தில் அலுமினியமும் துத்தநாகமும் சாதாரண இரும்பும் இளைத்தவை. அலுமினிய நம்பர் பிளேட்டில் எவர்சில்வர் ஸ்குருவை நேராக இறுக்கினால், ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடியோடு அலுமினியம் அரிக்கும். தலைக்கு அடியில் நைலான் வாஷர் ஒன்று, பிளேட்டுக்குப் பின்னால் இன்னொன்று. தொடர்பு பெருமளவு அறுந்துவிடும். பிளாஸ்டிக் பிளேட்டிலும் இதே வாஷர் அழுத்தத்தைப் பரப்பி வெடிப்பைத் தவிர்க்கிறது.

எவர்சில்வர் ஸ்குருவுக்கு இரும்பு வாஷர் போடுவது புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கோடு மறுபடி வழிகிறது, ஸ்குருவைப் பார்த்தால் பளபளப்பாக இருக்கிறது, காரணம் புரியாமல் நிற்கிறார்கள். பூசைக்கு மாலை கட்ட முன்பிளேட்டு ஸ்குருவில் இரும்புக் கட்டுக்கம்பியைச் சுற்றுவதும் இதே கதைதான். மாலை கட்ட நைலான் கயிறு போதும்.

9. பூட்டும் வரிசை

புது ஓட்டை போட வேண்டியிருந்தால் எம்6-க்கு 7 மில்லிமீட்டர் போடுங்கள். வெயிலில் பிளேட்டு விரியும்போது ஸ்குருவில் முட்டாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். பின்னால் மரத்துண்டு வைத்து, சிறிய துளையில் தொடங்கிப் பெரிதாக்குங்கள். நடுவில் இருந்து தள்ளி ஓட்டை போட்டால் விளிம்புக்கு மிக அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காடியில் பிளேட்டு உட்காரும் இடத்தில் உள்ள மண்ணைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவையுங்கள். ஈரத்தோடு மூடினால் அந்த உப்பை நீங்களே உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். எவர்சில்வரின் தோலுக்குக் காற்று வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? தலைக்கு அடியில் காற்றில்லாமல் உப்புநீர் மட்டும் தங்கினால் 304-லும் குழி விழும்.

மரையில் மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். எவர்சில்வர் ஸ்குருவை எவர்சில்வர் நட்டில் காய்ந்தபடியே வேகமாகத் திருகினால் இரண்டின் தோலும் உராய்ந்து கிழிந்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரி டிரில்லால் இப்படி ஒன்றைப் பாதியில் சிக்கவைத்திருக்கிறேன். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை, அறுத்துத்தான் எடுத்தேன். அதற்குப் பிறகு நம்பர் பிளேட்டில் கைக்கருவியைத் தவிர வேறு எதாலும் திருகியதில்லை. இரும்பு நட்டுக்குள் போகும்போதும் கிரீஸ் தண்ணீரைத் தடுத்து நட்டைக் காப்பாற்றும்.

மரையைப் பூட்டும் பசையைத் தொடாதீர்கள். அந்தத் திரவம் அக்ரிலிக்கிலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலும் பட்டால் இறுக்கம் இருக்கும் இடத்தில் வெடிப்பு வரும். தளரும் என்று பயமிருந்தால், பின்பக்கம் கை எட்டும் இடங்களில் நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள்.

எல்லா ஸ்குருவையும் முதலில் விரலால் தொடக்கிவிட்டு, பிளேட்டை நேராக்கி, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஓட்டைகள் ஒத்துவராது. தலை வாஷரைத் தொட்டதும் கால் சுற்று, அதோடு நிறுத்துங்கள். பிளேட்டு வளைந்தால் இறுக்கம் அதிகம். பின்னால் நான்கு மூலையிலும் ரப்பர் ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டினால் கதவு சாத்தும்போது தடதடக்காது. அடிப்பக்கம் முழுவதும் ஒட்டி அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

10. பிறகு பார்க்க வேண்டியவை

பூட்டிய இரண்டு வாரத்தில் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். நைலான் வாஷர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், லேசாக இறுக்கினால் போதும். உரம் ஏற்றிய நாளில் வண்டியைக் கழுவும்போது பிளேட்டின் மேல் விளிம்பிலிருந்து பின்னால் தண்ணீர் போகும்படி பைப்பைப் பிடியுங்கள். முன்பக்கம் மட்டும் நனைத்தால் பின்னால் தங்கிய உப்பு அப்படியே இருக்கும்.

ஆயுத பூசைக்குக் காடி கழுவும் நாளை இதற்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்குருவையும் இரண்டு சுற்று கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி இறுக்குங்கள். தலையில் தேநீர்க் கறை போல மெல்லிய பழுப்பு தெரிந்தால், சோப்பும் நைலான் பிரஷும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறை போய் அடியில் வழவழப்பாக இருந்தால் ஸ்குரு நல்லபடியாகவே இருக்கிறது. நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் அதை எடுத்துவிட்டு 316 போடுங்கள். ஸ்குரு சுத்தமாக இருந்தும் கோடு மட்டும் வழிந்தால் ஸ்குருவை மாற்ற வேண்டாம். டார்ச்சை எடுத்து மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், பின்னால் இருக்கும் கிளிப்பைப் பாருங்கள்.